கொம்புக்கல் பங்களாவில் பெயர் கூப்பிடும் நேரம்

திருச்சி உறையூரில் பள்ளிக்கூடச் சீருடைகள் தைக்கும் கூடம் ஒன்றை நடத்திவந்த காயத்ரிக்கு, எந்த ஊருக்குக் கிளம்பினாலும் அங்கே எந்த வீட்டில் தங்குவது என்று தேடிப் பிடிப்பதிலேயே பாதிப் பயணம் முடிந்துவிடும். பெரிய ஓட்டல்கள் அவளுக்கு ஆகாது. எல்லா அறையும் ஒரே அறை, எல்லாக் கட்டிலும் ஒரே கட்டில், ஜன்னலைத் திறந்தால் எதிரே இன்னொரு ஓட்டலின் ஏசிப் பெட்டி, அதற்கு நம் வீட்டிலேயே கதவைச் சாத்திப் படுத்துக்கொள்ளலாம் என்பாள். ஒரு வீட்டுக்கு முகம் இருக்க வேண்டும், வயது இருக்க வேண்டும், படியில் ஏறும்போது அது ஏதாவது முனக வேண்டும். வியட்நாமில் ஆற்றுக்குள் கால் நட்டு நிற்கும் மரவீட்டையும், பாலியில் வயலுக்கு நடுவே ஒரு பல் வைத்தியர் நடத்திய விடுதியையும் அவள்தான் கண்டுபிடித்துச் சொன்னாள், சொந்தக்காரர்கள் போய் வந்து ஒரு வருஷம் பேசினார்கள், காயத்ரி சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு போகலாம் என்று பெயர் வாங்கியிருந்தாள்.

அவளுடைய பாஸ்போர்ட்டில் மட்டும் பெயர் காத்தாயி என்று இருந்தது. குலதெய்வத்தின் பெயர். கல்லூரியில் சேர்ந்த முதல் வாரமே அதை மடித்து உள்ளே வைத்துவிட்டுக் காயத்ரி ஆகிவிட்டாள், கணவன் மணிமாறன் முதல் தையல் கூடத்துப் பெண்கள் வரை எல்லோருக்கும் அவள் காயத்ரிதான். பெற்றவள் ஒருத்திதான் கடைசிவரை விடாமல் காத்தாயி என்று கூப்பிட்டாள், அவளும் போய்ப் பதினோரு வருஷமாகியிருந்தது.

கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் ஆனதற்கு இலங்கை மலைநாட்டுக்குப் போவது என்று முடிவானதும் காயத்ரி தேட ஆரம்பித்தாள். ஓர் ஏரிக்கரை விடுதியை அதன் திரைச்சீலைகள் புத்தம் புதிதாக இருந்ததால் தள்ளினாள், ஒரு பழைய அஞ்சல் நிலைய வீட்டை அதன் சொந்தக்காரர் படத்தில் சிரித்த விதம் பிடிக்காமல் தள்ளினாள், இப்படி எட்டு வீடுகளைத் தள்ளிய பிறகு, ஹப்புத்தளையிலிருந்து ஒன்றரை மணி நேரம் ஏறிப்போக வேண்டிய கொம்புக்கல் தோட்டத்துப் பங்களாவின் படத்தில் அவள் விரல் நின்றது. வெள்ளைக்காரத் துரைகள் வாழ்ந்த கல் வீடு, நீளமான வராந்தா, வரிசையாகத் தூண்கள், முன்னால் புல்வெளி, புல்வெளி முடியும் இடத்திலிருந்து கீழே இறங்கும் தேயிலை. கீழே ஒரு வரி இருந்தது. காலை ஆறு மணிக்கு, இந்த மண்ணில் தலைமுறைகளாக ஒலித்துவரும் பெயர் அழைப்பைக் கேட்டபடி கண் விழியுங்கள். தங்கிப்போன பிரெஞ்சுக்காரி ஒருத்தி, ஒரு சொல்லும் புரியவில்லை, ஆனால் அழுதுவிட்டேன் என்று எழுதி ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தாள்.

“இதுதாங்க,” என்றாள் காயத்ரி. “இது மாதிரி ஒண்ணு வேற எங்கயும் கிடையாது.”

“உனக்குப் பிடிச்சா சரி,” என்றான் மணிமாறன். அவனுக்கு மின்சாதனக் கடை, சுடுதண்ணீர் வந்தால் போதும்.

அந்தக் குரலைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். கொம்புக்கல்லின் கடைசி வெள்ளைக்காரத் துரை பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போன மறுநாள் காலை ஆறு மணிக்கு, பங்களாவின் முன்னாலிருந்த பெரட்டுக்களத்தில், அதாவது ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலைக்குப் பெயர் கூப்பிடுகிற களத்தில், யாருமே இல்லாத இடத்திலிருந்து ஓர் ஆண் குரல் செத்துப்போனவர்களின் பெயர்களைக் கூப்பிட ஆரம்பித்தது. கோபமாகவும் இல்லை, இரக்கமாகவும் இல்லை, வேலை கொடுக்கிறவனின் குரல், அவ்வளவுதான். முதல் வாரம், லயம் என்ற வரிசை வீடுகளில் குடியிருந்த சனம் கதவைத் திறக்கவில்லை. இரண்டாவது வாரம் முனியாண்டி சாமிக்கு ஆடு வெட்டினார்கள், பதுளையிலிருந்து ஒரு மாந்திரீகரைக் கூட்டி வந்தார்கள், அவர் களத்தில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு நேரமாகிறது என்று பஸ் ஏறிவிட்டார். மூன்றாவது வாரம், புருஷனைப் பறிகொடுத்த ஒருத்தி, தன் புருஷன் பெயர் கேட்டதும் தாங்கமாட்டாமல் “இருக்கேங்க” என்று சொன்னாள். குரல் அடுத்த பெயருக்குப் போய்விட்டது. அவ்வளவு சுலபம் என்று தெரிந்ததும் சனம் அதைப் பழகிக்கொண்டது.

குடும்பம் குடும்பமாகத் தங்கள் பிணங்களைப் பிரித்துக்கொண்டார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு பெயர், அவரவர் பெயருக்கு அவரவர் “இருக்கேங்க” சொல்லிவிட்டு, நிஜமான வேலைக்குக் கூடையை மாட்டிக்கொண்டு போனார்கள். பிள்ளைகளுக்கு அரிச்சுவடியோடு வீட்டுப் பெயர்களையும் சொல்லிக் கொடுத்தார்கள். மருமகளாக வருகிறவள் மூன்றாம் நாள் களத்துக்கு வந்து மாமியாரிடமிருந்து இரண்டு பெயர்களை வாங்கிக்கொண்டாள். கொழும்புக்கு வேலைக்குப் போகிறவன் பக்கத்து வீட்டுக்காரனிடம் சாவியையும் பெயர்களையும் கொடுத்துவிட்டுப் போனான். பிறகு பங்களா விடுதியானது, பெரட்டுக்களத்தில் புல் வளர்த்துப் பூப்பந்து வலை கட்டினார்கள், குரல் அதன்பாட்டுக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

ஒரு பெயருக்கு மட்டும் யாரும் பதில் சொல்வதில்லை. நூற்று எழுபத்து நாலாவது பெயர். காத்தாயி. அவளுக்கு அங்கே சொந்தம் இல்லை, மயானத்தில் மேடும் இல்லை, துரை காலத்தில் தோட்டத்தை விட்டு ஓடிப்போனவள் என்பதற்கு மேல் யாரும் எதுவும் பேசுவதில்லை. குரல் அவள் பெயரை மூன்று முறை கூப்பிடும், மூன்று முறையும் சனம் தரையைப் பார்க்கும், பிறகு அடுத்த பெயர். எண்பத்தேழில் கணேசன் என்ற வாய்த்துடுக்கான ஆள் விளையாட்டுக்கு “இருக்கேங்க” என்றான். அன்றிலிருந்து அவன் கால்கள் காலை ஆறு மணிக்குத் தானாக எழுந்து களத்துக்கு வந்தன, கைகள் தானாகக் கொழுந்து கிள்ளின, காய்ச்சலிலும் கிள்ளின, தோட்டத்து எல்லையைத் தாண்ட முடியவில்லை. பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வவுனியாவுக்குப் போய்விட்டாள். மூன்றாவது வருஷம் அவன் செடிகளுக்கு நடுவே நின்றபடியே செத்தான், மறுநாள் குரல் மறுபடி காத்தாயி என்று கூப்பிட்டது.

அதனால் பங்களாவில் ஒரு வழக்கம் இருந்தது. தமிழ் விருந்தாளிகள் யார் வந்தாலும் அறைகளைப் பார்த்துக்கொள்ளும் தவமணி அவர்கள் பெயரைக் கேட்பாள். பட்டியலில் உள்ள பெயராக இருந்தால், காலையில் யார் கூப்பிட்டாலும் வாயைத் திறக்க வேண்டாம் என்று சொல்லி வைப்பாள். காயத்ரியும் மணிமாறனும் வந்து இறங்கிய மாலையில் தவமணி துவாலையும் இஞ்சித் தேத்தண்ணியும் கொண்டுவந்தாள். ஐம்பது வயதிருக்கும், நெற்றியில் பொட்டு இல்லை, நடக்கும்போது சத்தமே வராது.

“அம்மாவுக்குப் பேரு என்னங்க?”

“காயத்ரி.”

“முழுப் பேரே அதுதானுங்களா?”

“அதேதான்,” என்று காயத்ரி சிரித்தாள்.

தவமணியும் சிரித்தாள், தோள் இறங்கியது. மேனேஜர் நிலந்த பாஸ்போர்ட்டுகளை வாங்கிப் படமெடுத்து வைத்திருந்தார். அவருக்குத் தமிழ் பேச வரும், பட்டியலைப் பற்றி அவருக்கு ஒருபோதும் அக்கறை இருந்ததில்லை.

மறுநாள் காலையில் மணிமாறன் குறட்டை விட்டுத் தூங்க, காயத்ரி சால்வையைப் போர்த்திக்கொண்டு வராந்தாவுக்கு வந்து, இதற்காகத்தானே வந்தோம் என்று பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தாள். புல்வெளியில் பனிமூட்டம் இடுப்பளவு நின்றது. மூட்டத்துக்குள் நாற்பது ஐம்பது பேர் தலைமுண்டாசும் கம்பளியுமாக நிற்பது தெரிந்தது. குரல் ஆரம்பித்தது. ராமையா. இருக்கேங்க. முனியாண்டி. இருக்கேங்க. வெள்ளையம்மா. இருக்கேங்க. பெயருக்குப் பெயர் வேறு வேறு வாய்கள், ஒரே பதில், அது ஏதோ பஜனை போல ஏறி இறங்கிப் போய்க்கொண்டிருந்தது, அவளுக்கு மயிர் சிலிர்த்தது, தான் தேர்ந்தெடுத்த வீடுகளிலேயே இதுதான் உசத்தி என்று நினைத்துக்கொண்டாள், தேத்தண்ணிக் கோப்பையின் சூடு உள்ளங்கையில் இதமாக இருந்தது.

“காத்தாயி.”

யாரும் பதில் சொல்லவில்லை.

“காத்தாயி.”

பதினோரு வருஷமாக யாரும் கூப்பிடாத பெயர். அம்மா அடுக்களையிலிருந்து கூப்பிடுவாள், முதல் தடவைக்கும் இரண்டாவது தடவைக்கும் அசையமாட்டாள் இவள், மூன்றாவது தடவைக்குத்தான் அசைவாள்.

“காத்தாயி.”

“இந்தா வந்துட்டேன்,” என்றாள் காயத்ரி.

பனிமூட்டத்துக்குள் இருந்த அத்தனை தலைகளும் வராந்தாவைத் திரும்பிப் பார்த்தன. வீட்டுக்குள் தவமணி கையிலிருந்த தட்டு விழுந்து உடையும் சத்தம் கேட்டது. குரல் அடுத்த பெயருக்குப் போய்விட்டது. காயத்ரி கோப்பையைக் கீழே வைக்கக் குனிந்தாள், வைப்பதற்குள் அவள் கால்கள் எழுந்து படியிறங்க ஆரம்பித்துவிட்டன. நில் என்று அவள் கால்களிடம் சொன்னாள். அவை வேறு யாருடைய கால்களோ போல, வெறுங்காலோடு, ஈரப் புல்லில் நேராக நடந்து, வரிசையில் ஓர் இடைவெளிக்குப் போய் நின்றன.

யாரும் கத்தவில்லை. பக்கத்தில் நின்ற இருவர் தள்ளி நின்று இடம் விட்டார்கள். ஒருத்தி தன் கூடையைக் கழற்றி அவள் தலையில் கயிற்றை மாட்டினாள், இன்னொருத்தி இடுப்பில் சாக்குப் படங்கைச் சுற்றிக் கட்டினாள், தவமணி ஓடிவந்து காலில் அட்டைப்பூச்சி ஏறாமல் இருக்கச் சவர்க்காரச் சோப்பைத் தேய்த்தாள்.

“என்ன இது? ஏன் என் கால் நிக்கமாட்டேங்குது?” என்றாள் காயத்ரி.

“பயப்படாதீங்கம்மா,” என்றாள் தவமணி, பயந்த குரலில். “நாலு மணிக்கு விட்டுரும். முழுப் பேரு அதுதானான்னு கேட்டேனேம்மா. கேட்டேனே.”

மணிமாறன் எட்டு மணிக்கு எழுந்து, முட்டையும் ரொட்டியும் தின்று, மனைவியைத் தேடினான். நிலந்த மரியாதையாக அவனைப் புல்வெளி ஓரத்துக்குக் கூட்டிப்போய்க் கீழே காட்டினார். மலைச்சரிவில் முப்பது பெண்களுக்கு நடுவே, பூப்போட்ட நைட்டியின் மேல் சாக்கு கட்டிக்கொண்டு, அவன் மனைவி இரண்டு கைகளாலும் கொழுந்து கிள்ளிக் கூடையில் எறிந்துகொண்டிருந்தாள். விருந்தாளிகளுக்கு அப்படி ஒரு விளையாட்டு உண்டென்று நினைத்து அவன் கையசைத்தான். அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவு தூரத்திலிருந்தும் அந்த முகத்தைப் பார்த்ததும் அவன் கை இறங்கிவிட்டது.

நாலு மணிக்கு அவள் கால்கள் அவளுடையவை ஆயின. அரைமணி நேரத்தில் மணிமாறன் பெட்டிகளைக் கட்டி, டிரைவர் ஜவ்பரின் வேனில் அவளை ஏற்றி, இருக்கைப் பட்டையை அவனே மாட்டி, அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். வேன் வளைந்து வளைந்து இறங்கியது. வெள்ளை பூசிய எல்லைக் கல்லை வேன் தாண்டியபோது மணிமாறனின் உள்ளங்கை மூடிக்கொண்டது. திரும்பிப் பார்த்தான். பட்டை மாட்டியபடியே இருந்தது, இருக்கை சூடாக இருந்தது, அவள் இல்லை. ஜவ்பர் பிரேக்கை மிதித்தான். பின்னால், கல்லுக்கு அந்தப் பக்கம், நடுரோட்டில் காயத்ரி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மூன்று தடவை முயன்றார்கள். மூன்று தடவையும் வேன் தாண்டியது, அவள் தாண்டவில்லை. ஜவ்பர் வண்டியைத் திருப்பி அவர்களைப் பங்களாவுக்கே கொண்டுவந்து விட்டான்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் மிகவும் சாதாரணமாக நடந்தது, மணிமாறனை அதுதான் அதிகம் பயமுறுத்தியது. நிலந்த அறையை இன்னும் எத்தனை நாளானாலும் வைத்துக்கொள்ளலாம் என்றார். சமையலறையில் அவளுக்கு விடியலில் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் கட்டி வைத்தார்கள். லயத்தில் யாரோ அவள் அளவுக்கு ஒரு பழைய கம்பளிச் சட்டையைக் கொடுத்தனுப்பினார்கள், மேட்டு லயத்துப் பெண்கள் அவளைத் தங்கள் கொழுந்து நிரையில் சேர்த்துக்கொள்வதா கீழே இருக்கும் பணிய லயத்துப் பெண்கள் சேர்த்துக்கொள்வதா என்று கொஞ்சம் பேசி முடிவு செய்தார்கள். பக்கத்து அறையில் தங்கியிருந்த ஜெர்மன் தம்பதி அவள் கொழுந்து பறிப்பதைப் படமெடுத்து, கைவேகத்தைப் புகழ்ந்தார்கள். மணிமாறன் டவுனுக்குப் போய்ப் பொலிஸைக் கூட்டி வந்தான். வந்தவர் தேத்தண்ணி குடித்தார், முறைப்பாடு எழுதினார், யார் மேல் முறைப்பாடு என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் புல்வெளியைப் பார்த்தார், பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இரவானால் அவள் துரையின் கட்டிலில், தூண் வைத்து வலை கட்டிய கட்டிலில், விரலெல்லாம் கீறலோடு படுத்து உடனே தூங்கிப்போனாள். நாலாவது நாள் மாலை அவள் ஜன்னலோரம் நின்றிருக்க, மணிமாறன் “காயத்ரி” என்று கூப்பிட்டான். அவள் திரும்பவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டான். கிட்டே போய்த் தோளைத் தொட்டான்.

“யாரைக் கூப்பிட்டீங்க?” என்றாள்.

“உன்னைத்தான்.”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “ஆமா,” என்றாள் பிறகு, மெதுவாக. “ஏங்க, தையக் கூடத்துல கட்டிங் போடுற பொண்ணு பேரு என்னங்க? காலையிலேருந்து யோசிக்கிறேன், வரமாட்டேங்குது. எட்டு வருஷமா கூட இருக்கா. மூஞ்சி வருது, பேரு வரல.” அவள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். “இன்னும் நாலு நாள் போனா உங்க பேரும் போயிரும். எனக்குப் பயமா இருக்குங்க.”

மணிமாறன் அன்று தூங்கவில்லை. மறுநாள் மத்தியானம், துணிகள் அடுக்கிவைக்கும் சின்ன அறையில் தவமணி போர்வைகளை மடித்துக்கொண்டிருக்கும்போது அவன் உள்ளே போய்க் கதவைச் சாத்தினான்.

“அந்தக் காத்தாயி யாரும்மா?”

“ஓடிப்போனவங்கன்னு சொல்லுவாங்கய்யா.”

“நீங்க என்ன சொல்லுவீங்க?”

தவமணி ஒரு போர்வையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். “எனக்குத் தெரியாதுங்க.”

“அவ பேரைக் கூப்பிடும்போது எல்லாரும் தரையைப் பாக்குறாங்க. நீங்க மட்டும் ஒரே இடத்தைப் பாக்குறீங்க. நாலு நாளா வராந்தாவுல நின்னு பாத்துட்டிருக்கேன். என் பொண்டாட்டிக்கு என் பேரு மறக்கப்போகுதும்மா.”

தவமணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மடியில் போர்வை. அவள் சொன்னதெல்லாம் மணிமாறனைப் பார்த்துச் சொன்னதல்ல, போர்வையிடம் சொன்னாள்.

“கைப்புள்ளைக்கு மேலு சுட்டுச்சாம். அதனால பெரட்டுக்குப் பிந்தி வந்தாங்களாம். தொரை, பாடம் படிக்கட்டும்னு சொல்லி, பங்களாவுக்குப் பின்னால கரி போடுற கொட்டாய்ல போட்டுப் பூட்டச் சொல்லியிருக்காரு. மார்கழிக் குளுரு. விடியக்காலம் தொறந்தா வெறச்சுக் கெடந்தாங்களாம். அப்போ இந்தக் களத்தை மண்ணு போட்டு மட்டம் பண்ணிக்கிட்டு இருந்த நேரம். சனம் வர்றதுக்குள்ள அதுலயே பொதைக்கச் சொல்லிட்டாரு. பேரு புத்தகத்துல ஓடிப்போனான்னு எழுதிட்டாரு. புருஷங்காரரு சாகுற வரைக்கும் அதைத்தான் நம்புனாரு. அந்தப் புள்ளையும் தக்கல.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“பூட்டுனதும் பொதைச்சதும் ராமையா கங்காணி. எங்க தாத்தா.” தவமணி நிமிர்ந்தாள். “எங்கப்பா சாகும்போது எங்கிட்ட சொன்னாரு. வராந்தாவுல மூணாவது தூணுலேருந்து நேரா இருவத்திரெண்டு எட்டு. தெனமும் காலையில மொதல் பேரு எங்க தாத்தா பேருதான்யா. தெனமும் நான்தான் இருக்கேங்கன்னு சொல்றேன். அதைச் சொல்லிட்டு அந்த எடத்தைப் பாக்காம இருக்க முடியல.”

“இதை அந்தக் குரல்கிட்ட சொல்லுங்கம்மா.”

“அது என்ன பண்ணும்னு யாருக்குத் தெரியும்? கணேசன் சும்மா இருக்கேன்னு சொன்னதுக்கே மூணு வருஷம். இல்லன்னு இதுவரைக்கும் யாருமே சொன்னதில்லீங்க. அப்புறம் இந்தச் சனம். அவங்க முன்னால நான் எப்படி நடமாடுவேன்?”

அதற்கு மேல் கேட்க மணிமாறனுக்குத் தைரியம் வரவில்லை. கதவைத் திறந்து வெளியே வந்தான்.

ஆறாவது நாள் காலை மூட்டம் வழக்கத்தை விட அடர்த்தியாக இருந்தது. காயத்ரியின் கால்கள் அவளை நடத்திக்கொண்டு போய் வரிசையில் நிறுத்தின, மணிமாறன் அவளுக்குப் பின்னால் போய் நின்றான், யாரும் தடுக்கவில்லை. குரல் ராமையா என்றது. பதில் இல்லை. ராமையா என்றது மறுபடி. சனம் சுற்றிப் பார்த்தது. மூன்றாவது தடவைக்கு, எங்கிருந்தோ தவமணியின் குரல், “இருக்கேங்க” என்றது. மணிமாறனுக்கு இருந்த நம்பிக்கையும் போயிற்று.

பெயர்கள் போய்க்கொண்டே இருந்தன. நூறு தாண்டியது, நூற்றைம்பது தாண்டியது. அப்போதுதான் தவமணியை அவன் பார்த்தான். அவள் வராந்தாவின் மூன்றாவது தூணில் முதுகை ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். பிறகு ஒவ்வோர் எட்டாக, உதடு அசைய எண்ணிக்கொண்டு, வரிசைகளுக்கு நடுவே நடந்து வந்தாள். பூப்பந்து வலைக்குச் சற்று இந்தப் பக்கம் வந்து நின்றாள்.

“காத்தாயி.”

“அவங்க இல்ல,” என்றாள் தவமணி.

வரிசையில் ஒரு கிழவர் “ஐயோ” என்றார். காயத்ரியின் வாய் தானாகத் திறப்பதை மணிமாறன் பின்னாலிருந்தே தாடை அசைவில் கண்டான். உள்ளங்கையால் அவள் வாயைப் பொத்தினான். இருக்கேங்க என்ற சொல் அவன் கைக்குள் முட்டியது, பற்கள் அவன் சதையில் இறங்கின, விடாமல் அழுத்திப் பிடித்தான்.

“காத்தாயி.”

“இல்லன்னு சொல்றேன்ல. செத்துட்டாங்க. ஓடிப்போகல. பூட்டி வச்சுக் கொன்னுட்டீங்க.”

“காத்தாயி.”

“செத்துட்டாங்க,” என்று தவமணி கத்தினாள். அவ்வளவு சன்னமான பெண்ணுக்குள்ளிருந்து அவ்வளவு பெரிய சத்தம் வரும் என்று யாரும் நினைத்ததில்லை.

குரல் நின்றது. பனிமூட்டத்திலிருந்து தண்ணீர் சொட்டுவது கேட்டது. மணிமாறனின் கை வழியே ரத்தம் அவள் சால்வையில் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு பெண் தன் பிள்ளையைப் படங்குக்குள் இழுத்து மறைத்தாள். எல்லோரும் எதற்காகவோ காத்திருந்தார்கள், வானம் இடிந்து விழுவதற்கோ, நிலம் பிளப்பதற்கோ, அத்தனை பேரின் கால்களும் ஒரே நேரத்தில் நடக்க ஆரம்பிப்பதற்கோ.

பிறகு அந்தக் குரல், அத்தனை வருஷத்தில் முதல் முறையாக, பெயர் அல்லாத ஒன்றைச் சொன்னது.

“எங்கே?”

“இங்க,” என்றாள் தவமணி. “என் காலுக்குக் கீழ. பொதைச்சது எங்க தாத்தா. நான் ராமையா கங்காணியோட பேத்தி.”

மணிமாறனின் கைக்குள் அழுத்திக்கொண்டிருந்த வாய் தளர்ந்தது. காயத்ரி அப்படியே மடங்கிப் புல்லில் உட்கார்ந்தாள். அவள் முதலில் செய்தது, தன் இரண்டு பாதங்களையும் கையால் பிடித்துப் பார்த்ததுதான். விரல்களை ஒவ்வொன்றாக அசைத்தாள். அசைந்தன. அவள் அண்ணாந்து, “மணிமாறன்” என்றாள். கல்யாணமான இருபத்தைந்து வருஷத்தில் ஒரு நாளும் அவள் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. “மணிமாறன், மணிமாறன்” என்று திருப்பித் திருப்பிச் சொல்லி அழுதாள்.

குரல் நூற்று எழுபத்தைந்தாவது பெயருக்குப் போகவில்லை. முதலிலிருந்து ஆரம்பித்தது.

“ராமையா.”

எல்லோரும் தவமணியைப் பார்த்தார்கள். அவள் வழக்கமான பதிலைச் சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டாள். “செத்துட்டாருங்க,” என்றாள்.

“எங்கே?”

“ஆத்தங்கரை மயானத்துல. தண்ணி கேட்டுக் கேட்டுச் செத்தாரு. ஊத்துன தண்ணி எறங்கல.”

“முனியாண்டி.”

முனியாண்டியின் பேரன் ஒரு லாரி டிரைவர், முப்பது வயது. அவன் “இருக்கேங்க” என்றான். குரல் மறுபடி முனியாண்டி என்றது. அவன் இருக்கேங்க என்றான். மூன்றாவது தடவை கூப்பிட்டபோது அவன் தவமணியைப் பார்த்தான். “செத்துட்டாரு. பாலம் கட்டுறப்ப கல்லு விழுந்து. மூணு நாளு கெடந்தாரு. வண்டி தரலைன்னு எங்க பாட்டி சொல்லுவாங்க.”

“வெள்ளையம்மா.”

பதினொரு மணிக்கு ஜவ்பர் வேனைக் கொண்டுவந்தபோது குரல் பத்தொன்பதாவது பெயரில் இருந்தது. ஒவ்வொரு பெயருக்கும் அவ்வளவு நேரம் பிடித்தது. பணிய லயத்திலிருந்தும் மிச்சச் சனம் வந்துவிட்டது, புல்வெளி நிறைந்து வராந்தாப் படிகளிலும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். நிலந்த, விருந்தாளிகளுக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று சொல்லப் போனவர், போன இடத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். காயத்ரி கூட்டத்துக்குள் வழி கேட்டுக் கேட்டுத் தவமணியிடம் போனாள். காயத்ரி அந்தக் கம்பளிச் சட்டையைக் கழற்றிக் கொடுத்தாள், தவமணி வாங்கிக்கொண்டாள்.

“நீங்களும் வாங்களேன். டவுன் வரைக்குமாவது,” என்றாள் காயத்ரி.

“போயிட்டு வாங்கம்மா. திரும்பிப் பாக்காம போங்க.”

வெள்ளைக் கல்லை வேன் தாண்டும்போது மணிமாறன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். கடிபட்டுக் கட்டுப் போட்டிருந்த அவன் கையைப் பிடித்திருந்த காயத்ரியின் கை அப்படியே இருந்தது. ஜவ்பர் பண்டாரவளை வரும்வரை வண்டியை நிறுத்தாமல் ஓட்டினான்.

தோட்டத்தில் அன்று கொழுந்து எடுக்க யாரும் போகவில்லை. இருட்டத் தொடங்கியபோது முப்பத்தோராவது பெயர் ஆகியிருந்தது, இன்னும் நூற்று எண்பத்தொரு பேர் மீதி. அவர்களும் முடிந்த பிறகு குரல் போய்விடுமா, அல்லது உயிரோடு இருக்கிறவர்களைக் கேட்க ஆரம்பிக்குமா என்று சனம் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டது. ஓடிப்போனவர்கள் என்று எழுதப்பட்ட வேறு பெயர்களும் பட்டியலில் இருந்தன என்பது இப்போதுதான் சிலருக்கு நினைவு வந்தது. காத்தாயி கிடக்கும் இடத்தைத் தோண்ட மண்வெட்டி கொண்டுவரப் போன ஆள் இன்னும் வரவில்லை. மழை பிடித்துக்கொண்டது. தவமணியிடம் யாரும் பேசவில்லை, ஒருத்தி மட்டும் ஒரு குடையைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். தவமணி காலையில் நின்ற அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். நகர்ந்தால் இடம் தவறிப்போய்விடும் என்று அவளுக்குப் பயமாக இருந்தது.